மலைக்கு முதுகு காட்டி நின்றவள்

அந்தத் தகரக் குழாய் இன்னும் லீடர் வீட்டு மாடியில்தான் கிடக்கிறது. மண்ணெண்ணெய் டின்னை வெட்டிச் சுருட்டி ஈயத்தால் பற்றவைத்த குழாய். ஒரு முனை வாய் வைக்கிற அளவு, மறு முனை ஒரு குழந்தை தலையை விட்டுக்கொள்கிற அளவு. தகரம் உதட்டை அறுக்காமலிருக்கச் சுற்றிய நீலத் துணி எங்கள் பள்ளித் தாவணியில் கிழித்தது. இப்போது நூல் நூலாகத் தொங்குகிறது. வெயில் காலத்தில் வடாம் காயப்போட்டால் லீடர் அதை எடுத்துக் காக்கைகளைப் பார்த்து ஒரு சத்தம் போடுவாள். எங்கள் தெருக் காக்கையோடு அடுத்த தெருக் காக்கையும் எழும்பிப் போகும். எழுபதைத் தாண்டியும் அவள் குரல் இறங்கவில்லை. காது மந்தமானது எனக்குத்தான். அதற்கும் அவள்தான் காரணம் என்று என் பிள்ளைகளிடம் சொல்லிவைத்திருக்கிறேன்.

அவளுக்குப் பெயர் ஒன்று உண்டு. ஆனால் ஐந்தாம் ஃபாரம், அதாவது இன்றைய பத்தாம் வகுப்பு, படிக்கும்போது பள்ளித் தலைவியாக வந்ததிலிருந்து அவள் எங்களுக்கு லீடர்தான். பின்னாளில் அவளைக் கட்டிக்கொண்ட மனிதரும் முதல் வாரமே நிலைமையைப் புரிந்துகொண்டு 'லீடர்' என்றே கூப்பிட ஆரம்பித்துவிட்டார். எனக்கு அவள் பக்கத்து வீடு. அந்த ஒரே தகுதியில் என்னை உதவித் தலைவி ஆக்கினாள். உதவித் தலைவியின் வேலை, லீடர் சொல்வதற்கு "ஆமாம்" சொல்வது. நான் சோம்பேறி, சண்டை போடுவதைவிட ஆமாம் சொல்வது சுலபம் என்று இருந்துவிட்டேன்.

ஐம்பதுகளின் கடைசி வருடங்கள் அவை. தீபத் திருவிழாவில் தொண்டர் படை என்றால் அது வரைக்கும் பையன்கள் பள்ளிதான். அரைக்கால் சட்டையும் கழுத்தில் கைக்குட்டையுமாகக் கூட்டத்தை ஒழுங்குபடுத்துகிறோம் என்று கயிறு பிடித்து நிற்பார்கள். கயிற்றுக்குக் கீழே குனிந்து ஜனங்கள் போய்க்கொண்டே இருப்பார்கள். அந்த வருடம் லீடர் தலைமையாசிரியை அறை வாசலில் நின்று நின்று, பெண்கள் பள்ளிக்கும் ஒரு வேலை வாங்கிக்கொண்டு வந்தாள். கூட்டத்தில் தவறிப்போகிற குழந்தைகளைச் சேர்த்துவைத்துப் பெற்றவர்களிடம் ஒப்படைக்கிற பந்தல். திருமஞ்சன கோபுரத் தெருவில் நாலு கம்பு, இரண்டு பாய், ஒரு பெஞ்சு. பொறுப்பாசிரியை எங்கள் தையல் டீச்சர்.

ஆனால் பள்ளியில் அனுமதி வாங்கியதைவிட வீட்டில் வாங்குவதுதான் கஷ்டம். லீடரின் அப்பாவுக்கு மல்லாட்டை மண்டி, வேர்க்கடலை வியாபாரம். மூட்டையைத் தூக்காமலே, ஒரு கை அள்ளிக் குலுக்கிப் பார்த்து எடை சொல்லுகிறவர். சொன்ன வார்த்தையை மாற்றுகிறவர் இல்லை. கீழ்பென்னாத்தூரில் வாக்கப்பட்டிருந்த அவர் தங்கை, தன் மகனுக்கு லீடரைக் கேட்டுக்கொண்டிருந்தாள். அந்தக் காலத்தில் எங்கள் தெருவில் பதினைந்து வயதுப் பெண்ணைக் கேட்டு வருவது அதிசயமில்லை. அவள் இன்னும் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்ததுதான் அதிசயம். அப்பா மகளைக் கூப்பிட்டு, மூட்டைக்கு விலை சொல்லுகிற அதே நிதானத்தோடு சொல்லிவிட்டார்.

"தீபத்தன்னிக்கு ஊர் ஜனத்து நடுவுல போய் நிக்கறேன்ற. நில்லு, வேணாங்கல. ஆனா ஒன்னப் பத்திக் கொற சொல்லிக்கினு ஒரு ஆள் எங்கிட்ட வந்தாலும் அன்னியோட பள்ளிக்கூடம் க்ளோசு. தையில அத்த வூட்டுக்குக் கெளம்ப வேண்டியதுதான்."

லீடர் இதைச் சுவருக்கு மேலே எட்டிப் பார்த்து என்னிடம் சொன்னபோது ஏதோ பரிசு வாங்கி வந்தவள் போலச் சொன்னாள். "கொற எப்படிடி வரும்? நாம தொண்டு செய்யப் போறோம்!" அவளுக்கு டாக்டருக்குப் படிக்க வேண்டும் என்று அப்போது ஆசை. தொண்டு செய்யப் போகிற இடத்தில்தான் குறை வரும் என்பது எனக்கு அப்போதே தெரியும்; எங்கள் வீட்டில் நான் தொண்டு செய்தபோதெல்லாம் ஏதாவது உடைந்திருக்கிறது.

பையன்களின் முகாம் தேரடியில் இருந்தது. அவர்களுக்கு மைக் செட் கொடுத்திருந்தார்கள். எங்களுக்கு ஒன்றுமில்லை. லீடர் விடுவாளா? கடைத்தெருவில் தகரக் கடை பாயிடம் போனாள். அவர் அவளை ஏற இறங்கப் பார்த்து, "ஒனக்கு எதுக்கும்மா கொழா? இருக்கற கொரலே ஜாஸ்தி" என்று சொல்லிக்கொண்டே, காசு வாங்காமல் செய்து கொடுத்தார். எவ்வளவு கழுவியும் மண்ணெண்ணெய் வாடை மட்டும் போகவில்லை. அன்றைக்கு முழுவதும் லீடர் பேசியது பாதி குரல், பாதி மண்ணெண்ணெய்.

தீபத்தன்று மதியத்திலிருந்து எங்கள் முறை. வெள்ளைச் சட்டை, நீலத் தாவணி, கையில் துணிப் பட்டை. எதிரே ஜனங்கள் ஆறாகப் போனார்கள். மாட்டு வண்டியில் வந்தவர்கள், நடந்தே வந்தவர்கள், தலையில் கட்டுச்சோற்று மூட்டையோடு வந்தவர்கள். எல்லோர் கையிலும் குழந்தை. ஆனால் ஒரு குழந்தையாவது தவறிப்போக வேண்டுமே? இல்லை. நாங்கள் வாங்கிவைத்த கார்த்திகைப் பொரியை நாங்களே தின்றுகொண்டிருந்தோம். தையல் டீச்சர், வீட்டில் விளக்குத் திரி திரிக்கவில்லை என்று சொல்லி, "பாத்துக்கோங்கடி" என்று போய்விட்டார். பையன்கள் இரண்டு பேர் கயிற்றைத் தோளில் போட்டுக்கொண்டு வந்து எட்டிப் பார்த்தார்கள். "என்னாங்க, ஈ ஓட்டறீங்களா? அங்க நாங்க எத்தினியோ புள்ளைங்கள சேத்துட்டோம்" என்றான் ஒருவன். பொய்யாகத்தான் இருக்கும். லீடரின் மூக்கு நுனி சிவந்தது. அந்த மூக்கு சிவந்தால் ஊருக்கு ஏதோ நடக்கப் போகிறது என்று அர்த்தம்.

"எல்லாரும் எழுந்திருங்கடி. புள்ளைங்க நம்மளத் தேடி வருமா? நாமதான் போவணும். தனியா எந்தப் புள்ள இருந்தாலும் வுடாதீங்க. கேட்டுக்கினு நிக்காதீங்க, தூக்கிக்கினு வந்துடுங்க!"

போனோம். அடுத்த கொஞ்ச நேரத்தில் எங்கள் பந்தல் நிரம்பிய வேகத்தை என்னால் இன்றைக்கும் நம்ப முடியவில்லை. திரும்பிய பக்கமெல்லாம் தனியாகக் குழந்தைகள் இருந்தார்கள். விளக்குக் கம்பத்தடியில் ஒன்று, வளையல் கடைத் தட்டிக்குப் பக்கத்தில் ஒன்று, நிறுத்தியிருந்த வண்டியின் சக்கரத்தைப் பிடித்துக்கொண்டு ஒன்று. நான் தூக்கியது ஒரு மூட்டையின் மேல் உட்கார்ந்திருந்த தடியன். ஆறு வயதிருக்கும். "எங்கம்மா அசையாதன்னாங்க, எங்கம்மா அசையாதன்னாங்க" என்று கத்தினான். பாவம், பயத்தில் பிதற்றுகிறான் என்று நினைத்தேன். என் முழங்கைக்கு மேலே நன்றாகக் கடித்தான். அதையும் பயம் என்றே எடுத்துக்கொண்டேன். எங்கள் வகுப்பில் இரண்டு பேர் சேர்ந்து ஒரு புதுப்பெண்ணையே கூட்டிக்கொண்டு வந்துவிட்டார்கள். மஞ்சள் கயிறு புதுசு மாறாமல், குனிந்த தலை நிமிராமல், எது கேட்டாலும் பதில் சொல்லாமல் நின்றாள். லீடர் அவளுக்குப் பொரி கொடுத்து உட்காரவைத்தாள். அவள் புருஷன் நாலு முழம் கதம்பம் வாங்கத் திரும்பிய நேரத்தில் பெண்டாட்டியைக் காணோம் என்று தெருவில் அலறிக்கொண்டிருந்தான். எங்கள் பந்தல் வாசலிலேயே நின்றுதான் அலறினான். நாங்கள் கவனிக்கவில்லை, அவ்வளவு வேலை.

லீடரும் சும்மா இருக்கவில்லை. கையில் கிலுகிலுப்பை வைத்திருந்த, மூன்று வயதுகூட நிரம்பாத ஒரு பெண் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்தாள். பெஞ்சின் மேல் ஏறிக் குழாயை வாயில் வைத்துப் பெருமையாக அறிவித்தாள்: "புள்ளைங்கள தொலச்சவங்க எல்லாரும் இங்க வாங்க!"

வந்தார்கள். பல பேர் ஒரே நேரத்தில் வந்தார்கள். முதலில் வந்த அம்மாள் தன் பிள்ளையை வெடுக்கென்று பிடுங்கிக்கொண்டு கேட்ட கேள்வியில்தான் எங்களுக்கு விஷயமே விளங்கியது. "ஏம்மா, கம்பத்தடியில ஒக்கார வச்சிட்டுப் போன புள்ளைய எதுக்கும்மா தூக்கினு வந்தீங்க?"

தீபத்துக்கு வருகிற சுற்றுக் கிராமத்து ஜனங்களுக்கு ஒரு வழக்கம் இருந்தது. ஊருக்குள் நுழைந்ததும் ஒரு இடத்தைக் குறித்துக்கொள்வார்கள்: இந்தக் கம்பம், இந்த மரம், இந்தக் கடை. பிரிந்துபோனால் இங்கே வந்து உட்கார், நாங்கள் வருகிற வரை அசையாதே. சாமி கும்பிடவோ சாமான் வாங்கவோ நெரிசலில் நுழையும்போது சிறுசுகளை அந்த இடத்தில் உட்காரவைத்துவிட்டுப் போவதும் உண்டு. அக்கம்பக்கத்துக் கடைக்காரர் ஒரு கண் வைத்திருப்பார். மைக் செட்டும் தொண்டர் படையும் இல்லாமல் தலைமுறை தலைமுறையாகப் பிள்ளைகள் தொலையாமல் இருந்தது இப்படித்தான். பக்கத்து ஊர்க்காரர்கள் எல்லோருக்கும் தெரிந்த இது, மலையடிவாரத்திலேயே பிறந்து வீட்டு மாடியிலிருந்து தீபம் பார்த்து வளர்ந்த எங்களுக்குத் தெரியவில்லை. நாங்கள் ஒரு குழந்தையையும் காப்பாற்றவில்லை. பத்திரமாக உட்கார்ந்திருந்த குழந்தைகளைத் தேடித் தேடித் தொலைத்துக்கொண்டிருந்தோம்.

லீடர் முகத்தில் ரத்தமே இல்லை. "நைனா காதுக்குப் போச்சுன்னா..." என்று ஆரம்பித்தவள் அத்தோடு நிறுத்திக்கொண்டாள். அழுவாள் என்று நினைத்தேன். இல்லை, மறுபடி பெஞ்சின் மேல் ஏறிவிட்டாள். "யார் யார் எங்க தூக்கினீங்களோ அங்கயே கொண்டுபோய் வெச்சிட்டு வாங்க. ஓடுங்கடி!"

எனக்கு இடம் மறந்துபோயிருந்தது. நல்ல வேளையாகத் தடியனுக்கு ஞாபகம் இருந்தது. என் கையைப் பிடித்துக்கொண்டு, "அறிவே இல்ல இந்தக்காவுக்கு" என்று வழியில் போகிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டே என்னை அழைத்துப் போனான். மூட்டைக்கு முன்னால் அவன் அம்மா தலைவிரி கோலமாக நின்றிருந்தாள். மகனைப் பார்த்ததும் கட்டிக்கொள்ளாமல் முதுகில் ஒன்று வைத்தாள். "அசையாதன்னு சொன்னேனா இல்லியா?" அவன் நிதானமாகக் கையை நீட்டி என்னைக் காட்டினான். "இவங்கதான் திருடிக்கினு போனாங்க." நான் ஓடிய ஓட்டத்தைப் பள்ளி விளையாட்டு விழாவில் ஓடியிருந்தால் கோப்பை வாங்கியிருப்பேன்.

பொழுது சாய்வதற்குள் ஒவ்வொன்றாகப் பந்தல் காலியானது. புதுப்பெண்ணும் புருஷனோடு போய்ச் சேர்ந்தாள். போகும்போது மட்டும் வாய் திறந்து, இன்னும் கொஞ்சம் பொரி கேட்டாள். மிச்சம் இருந்தது கிலுகிலுப்பைக் குழந்தை ஒன்றுதான். அது லீடரே தூக்கி வந்தது.

"எங்கடி தூக்கின?" என்று கேட்டேன்.

"நல்லா ஞாபகம் வெச்சிருக்கேன். பலூன்காரன் பக்கத்துல."

பலூன்காரன் ஓர் இடத்தில் நிற்கிறவனா? ஆளை அனுப்பித் தேடியதில் அவன் மேற்கே பே கோபுரத்துப் பக்கம் போய்விட்டிருந்தான். அங்கே கேட்டால், காலையிலிருந்து மாட வீதி முழுக்கச் சுற்றியாயிற்று என்று சிரித்தானாம். குழந்தையைக் கேட்டோம். உன் பேர் என்ன? "பாப்பா." அம்மா பேர் என்ன? "அம்மா." உங்க ஊர் எது? "வூடு." லீடர் குழாயை வைத்துக் கத்திக் கத்திப் பார்த்தாள். அதற்குள் தெருவில் கூட்டம் கையை அசைக்க முடியாதபடி நெருங்கிவிட்டது. எல்லோரும் தீபம் பார்க்க இடம் பிடித்து நின்றார்கள். அந்த இரைச்சலில் தகரக் குழாயா எடுபடும்? அது வரைக்கும் சமர்த்தாக இருந்த குழந்தையும் வெளிச்சம் மங்கியதும் உதட்டைப் பிதுக்கியது. லீடர் அதை மார்போடு அணைத்துக்கொண்டாள். பள்ளிக்கூடமோ கல்யாணமோ அப்போது அவள் நினைப்பில் இருந்திருக்காது என்றுதான் தோன்றுகிறது. பெற்றவள் எங்கேயோ இதே கூட்டத்தில் தவித்துக்கொண்டிருப்பாள், அதற்குத் தான் காரணம் என்பதுதான் அவளை உலுக்கியது.

அப்போது பார்த்துத்தான் அவள் அப்பா வந்தார். தனியாக வரவில்லை. மகளின் தொண்டு வேலையைத் தன் தங்கையும் பார்க்கட்டும் என்று கீழ்பென்னாத்தூர் அத்தையையும் கூட்டிக்கொண்டு வந்து, எதிர்ச்சாரியில் ஒரு கடைப் படியில் ஏறி நின்றார். "லீடர், ஒங்க நைனா" என்றேன். அவள் காதில் விழவில்லை.

பிறகு அந்தப் பெரும் சத்தம் எழுந்தது. "அண்ணாமலையாருக்கு அரோகரா!" மலை உச்சியில் தீபம் தெரிந்துவிட்டது. தெருவில் இருந்த அத்தனை பேரும் ஒரே பக்கமாகத் திரும்பிக் கையைத் தலைக்கு மேலே கூப்பினார்கள். நானும் எல்லாவற்றையும் மறந்து கும்பிட்டேன். லீடர் மட்டும் திரும்பவில்லை. மலைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, இடுப்பில் குழந்தையோடு பெஞ்சின் மேல் நின்று கூட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அத்தனை முகங்களும் அண்ணாந்து ஒரே திசையில் இருந்தன. ஒரே ஒரு முகம் மட்டும் குனிந்து, ஜனங்களின் கால்களுக்கு நடுவே எதையோ தேடிக்கொண்டிருந்தது.

குழாய் மேலே போனது. "பச்சப் பொடவ கட்டின அம்மா! மலையப் பாக்காத அம்மா! இங்க பாருங்க! ஒங்க பாப்பா இங்க இருக்கு!"

அந்தக் குரலை நான் எப்படிச் சொல்வேன்! அரோகரா சத்தத்தைப் பிளந்துகொண்டு போனது. முன்வரிசையில் கும்பிட்டுக்கொண்டிருந்த ஒருவர் கையை எடுத்துக் காதைப் பொத்திக்கொண்டார். பச்சைப் புடவைக்காரி நிமிர்ந்தாள். ஜனங்களை இடித்துத் தள்ளிக்கொண்டு ஓடிவந்து குழந்தையைப் பறித்து, அதன் முகமெல்லாம் முத்தம் கொடுத்தாள். பார்த்துக்கொண்டிருந்த எங்கள் எல்லோருக்கும் கண் நிறைந்துவிட்டது. அவள் முத்தத்தை முடித்துக்கொண்டு, லீடரைப் பார்த்துத் திட்ட ஆரம்பித்தாள்.

"பூக்கடக்காரம்மா பக்கத்துல குந்த வெச்சிட்டுப் போன புள்ளைய எவடி தூக்கனது? நீயா? ஒன்னப் பெத்தவங்க யாருடி? வரச் சொல்லு, கேக்கறேன்!"

எதிர்ச்சாரிப் படியிலிருந்து பெற்றவர் இறங்கி வந்துகொண்டிருந்தார். நான் லீடரின் தாவணியைப் பிடித்து இழுத்தேன். ஏதாவது பொய் சொல்லேண்டி என்று அர்த்தம். அவள் சொல்லவில்லை. "நான்தாம்மா தூக்கினேன். தொலஞ்சு போயிடுச்சுன்னு நெனச்சுட்டேன். தப்புதான்" என்றாள். பிறகு கையை நீட்டி, "அதோ வராரே, அவர்தான் எங்க நைனா. அவராண்ட சொல்லுங்க" என்றாள்.

பச்சைப் புடவைக்காரி அவரிடம் ஒன்று விடாமல் சொன்னாள். அவர் கையைக் கட்டிக்கொண்டு முழுவதையும் கேட்டார். "எம் பொண்ணு செஞ்சது தப்புதாம்மா. மன்னிச்சுக்கம்மா" என்றார். அந்த அம்மாள் கொஞ்சம் தணிந்து, "கண்டுபுடிச்சுக் குடுத்ததும் அதேதான், இல்லேங்கல" என்று முணுமுணுத்துவிட்டுப் போனாள். அவர் மகள் பக்கம் திரும்பினார். சொன்ன வார்த்தையை மாற்றாத மனிதர். முடிந்தது என்று நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

முதலில் பேசியது அத்தைதான். இரண்டு காதையும் இன்னும் பொத்திக்கொண்டிருந்தாள். "அண்ணா, தப்பா நெனச்சுக்காத. இந்தக் கொரலு எங்க வூட்டுக்குத் தாங்காதுண்ணா. எங்க வூட்டுக்காரருக்கு மொதல்லயே படபடப்பு ஜாஸ்தி. இவ ஒரு தரம் மாட்டக் கூப்ட்டான்னா, மனுசன் போய்ச் சேந்துருவாரு."

அப்பா தங்கையைப் பார்த்தார், மகளைப் பார்த்தார், குழாயைப் பார்த்தார். "அப்பறம் என்னா பண்றது" என்றார், நஷ்டத்துக்கு மூட்டை விற்றவர் போல முகத்தை வைத்துக்கொண்டு. "கேக்க வந்த எடமே வேணாம்னுட்ச்சு. சும்மா வூட்ல ஒக்காந்து கத்தறதுக்கு, ஸ்கூல்லயே போய்க் கத்தட்டும்." சொன்ன வார்த்தையை அவர் மாற்றவில்லை. பள்ளிக்கூடம் க்ளோசு என்றது தையில் அத்தை வீட்டுக்குப் போவதற்காகத்தான். அத்தை வீடே விலகிக்கொண்டால் அவர் என்ன செய்வார்!

லீடர் டாக்டராகவில்லை. ரத்தத்தைப் பார்த்தால் மயக்கம் வந்தது. வாத்தியார் வேலைக்குப் போய்த் தலைமையாசிரியையாக ஓய்வு பெற்றாள். அவள் பள்ளிகளில் மணி அடிக்க ஆள் தேவைப்பட்டதில்லை என்று சொல்வார்கள். அவள் அப்பா கடைசிக் காலத்தில் ஒரு முறை என்னிடம் அந்த நாளைப் பற்றிப் பேசினார். "அந்த வருசம் நான் தீபம் பாக்கலம்மா" என்றார். "எல்லாரும் மலையப் பாத்தாங்க. இவ ஜனத்தப் பாத்துக்கினு நின்னா. நான் இவளப் பாத்துக்கினு நின்னேன். இவ படிப்ப நிறுத்தறதில்லன்னு அப்பவே முடிவு பண்ணிட்டேன். நான் சொல்றதுக்குள்ள என் தங்கச்சி முந்திக்கினா." அவர் உடனே, "அவகிட்ட சொல்லிடாத. தலக்கனம் ஜாஸ்தி ஆயிடும்" என்றார். நான் இன்று வரை சொல்லவில்லை. இதைப் படித்தால் தெரிந்துகொள்ளட்டும்.

போன தீபத்துக்கு நாங்கள் இரண்டு பேரும் அவள் வீட்டு மாடியில் இருந்தோம். கீழே தெருவில் பழைய கூட்டத்தைப் போல எத்தனையோ மடங்கு. ஒவ்வொரு கையிலும் ஒரு செல்போன். ஒலிபெருக்கிகள் ஒன்றின் மேல் ஒன்று கத்தின. அரோகரா சத்தம் எழுந்ததும் அத்தனை போன்களும் மலையைப் பார்த்து உயர்ந்தன. லீடர் மட்டும் கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு, வழக்கம்போல மலைக்கு முதுகைக் காட்டி நின்றாள்.

"தீபம் ஏத்திட்டாங்கடி, திரும்பு" என்றேன்.

"இருடி, எல்லாரும் பாக்கறாங்களான்னு பாத்துட்டுத் திரும்பறேன்."

நானும் மலையைப் பார்க்கவில்லை. நரைத்த தலையும் மூட்டு வலியுமாக, கண்ணைச் சுருக்கிக்கொண்டு முகம் முகமாகத் தேடுகிற அவளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். திடீரென்று அவள் மூக்கு நுனி சிவந்தது. தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் கைவிட்டுக் குழாயை எடுத்தாள்.

"செவப்புப் பொடவ! கீழ பாத்துக்கினு இருக்கற அம்மா! என்னாம்மா தேடற?"

தெருவே அண்ணாந்து மாடியைப் பார்த்தது. சிவப்புப் புடவைக்காரி வெட்கத்தோடு ஒரு காலைத் தூக்கிக் காட்டினாள். "செருப்புங்க! ஒரு கால் செருப்பக் காணோம்!"

எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. சுவரைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டேன். லீடர் என்னை ஒரு முறை முறைத்தாள். பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு, நைந்த நீலத் துணியில் வாயை வைத்து மறுபடி குழாயைத் தூக்கினாள்.

"எந்தக் காலு?"